‘போனை வைக்காதே’, பழைய சுருதியில்

1

இந்தக் கதை பல் டாக்டரின் நாற்காலியில் பிறந்தது. நான் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தேன்; டாக்டர் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். சுவர் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு வந்தது. நீங்களும் கேட்டிருப்பீர்கள்: லிஃப்டில், சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு அடுக்கிய வரிசையில், வங்கிக்குப் போன் போட்டுக் காத்திருக்கையில். பாட்டு உச்சத்துக்குப் போனதும் டாக்டர் முகமூடிக்குள்ளேயே முனகினார். வரவேற்பு மேஜைப் பெண்ணும் முனகினாள். நானும் முனகினேன். டாக்டர் பதறிப்போய், “வலிக்குதா?” என்றார். வலிக்கவில்லை, பாடுகிறேன் என்று சொல்ல வாய் காலியாக இல்லை. இன்னொரு ஊசி போட்டுவிட்டார்.

மரத்துப்போன தாடையோடு விடுதிக்குத் திரும்பும்போது முடிவு கட்டினேன்: அந்தப் பாட்டைப் பாடிய பேண்டை ஒரு கை பார்த்துவிடுவது. கல்லூரிப் பத்திரிகையின் நையாண்டிப் பக்கம் என் கையில் இருக்கிறது. சாஃப்ட் ராக் என்பது (இங்கே “மெத்தையால் அடிப்பது போன்ற இசை” என்று ஓர் உவமை வைத்திருந்தேன். வீணாக்க மனமில்லாமல், கதையில் வரும் டிரம்மருக்குப் பட்டப்பெயராக்கிவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: *பாடகர் கண்ணாடி முன் நின்று தன் நரைத்த*

வேண்டாம். வயதான கலைஞரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அவரைக் கண்ணாடி முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். நரைத்தது அவருக்கே தெரியும்.

இரண்டாவது: *அரங்கம் அதிர்ந்தது. ஆயிரமாயிரம் கைகள்*

இவ்வளவு சீக்கிரம் அதிரவிட்டால் கடைசியில் என்னத்தைச் செய்வது?

மூன்றாவது: *பாடகர் காலி அரங்கின் மேடைப் படியில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார்.* இது இருக்கட்டும். ஆள் உட்கார்ந்திருக்கிறார், வெந்நீர் ஆறுகிறது. எப்படியும் எழுந்து ஏதாவது செய்தாக வேண்டும்.

அன்று சாயங்காலம் கச்சேரி. மேடையில் கீபோர்டின் ஒயர்களைச் சொருகிக்கொண்டிருந்தவர் அவருடைய தங்கை. அவர்கள் இருவரும் தொடங்கிய பேண்ட் இது. பின்னால் டிரம்ஸில் மெத்தை. அரங்கின் கடைக்கோடியில், ஒலிப்பலகைக்குப் பின்னால், சவுண்ட் இன்ஜினியர். எங்கேயாவது ஒரு ஒயர் இரைந்தால் தூக்கத்திலும் எழுந்துவிடுவார் என்பதால் அவர் பெயர் காது.

இவர்களுடைய கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ஆல்பம் வந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் விற்கிறது. அதற்குப் பிறகு புது ஆல்பங்களும் போட்டார்கள். மேடையில் பாடகர் “அடுத்து ஒரு புதுப் பாட்டு” என்றால் கூட்டம் மரியாதையாக எழுந்து கழிவறைக்குப் போய்வரும். பாவம், அதற்கும் ஒரு நேரம் வேண்டுமே.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டுதான் ‘போனை வைக்காதே’. ஒருத்தி போனை வைக்கப் போகிறாள். ஒருவன் வேண்டாம் என்கிறான். நாலரை நிமிடம் இதையேதான் சொல்கிறான். உச்சத்தில், ‘வைக்காதே’ என்பதன் ‘தே’யில், குரல் ஒரே தாவாகத் தாவி மேலே நிற்கும். (இதைப் பகடி செய்ய மூன்று நாள் உட்கார்ந்தேன். கேலிக்காக நான் எழுதிய வரிகளை விட அசல் வரிகள்தான் அசட்டுத்தனமாக இருந்தன. ஆனால் என் வரிகள் யார் வாயிலும் ஒட்டவில்லை.)

3

இனி சிக்கல். அந்தத் ‘தே’யைப் பாடியபோது பாடகர் இளைஞர். வயது ஏற ஏற, தையல்காரர் கால்சட்டையின் இடுப்பைத் தளர்த்திக் கொடுப்பதுபோல, தங்கை பாட்டின் சுருதியை அரை அரையாக இறக்கிக் கொடுத்துக்கொண்டே வந்தார். வெளியே யாருக்கும் தெரியவில்லை. பாட்டும் பாந்தமாகத்தான் இருந்தது.

ஒரே ஓர் இடத்தைத் தவிர. ‘தே’ வருவதற்கு முன்னால் வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும். பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்புவார். இரண்டு வரியைக் கூட்டம் தனியாகப் பாடும். துணைக்கு வாத்தியம் இல்லையென்றால் கூட்டம் எந்தச் சுருதிக்குப் போகும்? ரெக்கார்டில் கேட்டுக் கேட்டு ஊறிய சுருதிக்குத்தான்.† அதாவது மேலே. பேண்ட் திரும்பச் சேரும்போது கீழே. மாடிப்படியில் ஒரு படி இருக்குமென்று நம்பிக் காலை வைத்து, இல்லாமல் போனால் எப்படியிருக்கும்? அரங்கமே அப்படித் தடுமாறும்.

† நம்பாதவர்கள் பக்கத்திலிருப்பவரை முனகச் சொல்லிப் பார்க்கலாம். விடுதியில் நான்கு அறைக்கதவைத் தட்டிச் சோதித்தேன். நால்வரும் முதலில் என்னைத் திட்டினார்கள். பிறகு ஒரே சுருதியில் முனகினார்கள்.

போன ஊரில் தடுமாற்றம் அதிகமாகிவிட்டது. யாரோ அதைப் போனில் படம் பிடித்து, ‘சொந்தப் பாட்டே மறந்துபோச்சு’ என்று தலைப்புப் போட்டுப் பரப்பிவிட்டார்கள். பாடகர் அதைப் பார்த்தார். அப்போதிலிருந்து வெந்நீர்தான்.

தங்கை ஒயரைச் சொருகி முடித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அண்ணே, அத்தனை பேரையும் கீழ இறக்க முடியாது. நாமதான் மேல போகணும்.”

“நாமன்னா யாரு? நீ விரல நகத்தி வைப்ப. எட்டிப் பிடிக்கிறது நான்.”

“பிடிக்க வேணாம். கிட்ட போ, போதும்.”

“கிட்ட போறதுக்கா டிக்கெட் வாங்கி வர்றாங்க?”

தனக்கு எந்தச் சுருதியும் ஒன்றுதான் என்று மெத்தை பின்னாலிருந்து தெரிவித்துக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

அப்போதுதான் காது ஹெட்போனை நீட்டிக்கொண்டு வந்தார். பழைய ரெக்கார்டிங்கிலிருந்து அந்த ஒரு ‘தே’யை மட்டும் கத்தரித்து எடுத்திருந்தார். பேண்ட் பழைய சுருதியிலேயே சேரட்டும். பாடகர் வாயைத் திறந்தால் போதும். மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரே ஓர் எழுத்து, அதுவும் அவருடைய குரல், இதில் திருட்டு எங்கே வந்தது என்பது அவர் கட்சி.

பாடகர் ஹெட்போனை மாட்டிக் கேட்டார்.

“யாருய்யா இந்தப் பையன்?”

“நீங்கதான் சார்.”

“திமிர் பிடிச்சவன்.”

கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய காலத்துப் பாடகர்கள் பலர் டேப்பை ஓடவிட்டு வாயசைக்கப் போய்விட்டார்கள். அவர் போகவில்லை. பணம், பெயர், முடி எல்லாம் வந்து போயின. தன் பாட்டைத் தானே பாடுகிறவன் என்ற ஒரு வீம்பு மட்டும்தான் போகாமல் இருந்தது. இன்று அந்த ஓர் எழுத்தை அந்தப் பையனிடம் கொடுத்தால், நாளை மறுபடி வாங்க முடியாது. கொடுக்காவிட்டால், தொண்டை உடைந்து நிற்பதை இன்னொரு போன் படம் பிடிக்கும்.

“சரி, வெச்சுக்க,” என்றார் காதிடம். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

4

உண்மையில் நான் இவரைப் பெரிய ஜம்பக்காரராகத்தான் படைக்க நினைத்தேன். வெள்ளை சூட், கறுப்புக் கண்ணாடி, பேச்சுக்குப் பேச்சு ‘என் ரசிகர்கள்’. இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். சூட்டைப் போட்டுக்கொண்டார், ஜம்பத்தைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார். வெந்நீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் எவ்வளவுதான் ஜம்பத்தை ஏற்றுவது?

ஆனாலும் நையாண்டிக்கு ஒரு முடிவு தயாராக இருந்தது. முடிவு அ: ‘தே’ வருகிறது; பாடகருக்கு இருமல் வந்துவிடுகிறது; அவர் குனிந்து இருமிக்கொண்டிருக்க, ஸ்பீக்கரில் ‘தே’ மட்டும் கணீரென்று நீள்கிறது. கூட்டம் பார்க்கிறது. திரை.

இதை எழுதி முடித்து, என்னை நானே முதுகில் தட்டிக்கொண்டு, அறைத்தோழனிடம் படிக்கக் கொடுத்தேன். அவனை சங்கிலி என்போம். கறுப்பு டி-சர்ட்டும் இடுப்புச் சங்கிலியும் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. காதில் ரத்தம் வராத இசையை அவன் இசையென்றே ஒத்துக்கொள்வதில்லை. கடைசி வரை முகம் மாறாமல் படித்தான்.

“டேய், அந்த மனுஷன பாட விடுடா.”

“நீ இந்த மாதிரிப் பாட்டெல்லாம் கேக்க மாட்டியே?”

“கேக்கலதான். அதுக்காக இருமல் வரவெப்பியா?”

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். குழாய்ச் சத்தத்தையும் மீறி ‘போனை வைக்காதே’ கேட்டது. சங்கிலி உச்சத்தைப் பிடிக்கவில்லை. அது அவனை நிறுத்தவும் இல்லை.

(முடிவு ‘ஆ’வில் பாடகரைப் பிரிந்த மகள் முதல் வரிசையில் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பாடகருக்கு மகளே கிடையாது.)

5

ஆகவே, அரங்கம் அதிர்ந்தது. இப்போது சொல்லலாம்.

விளக்கு அணைந்ததும் பாடகர் பார்த்தது வெறும் இருட்டை அல்ல, வாய்களை. தன் வயதுக்காரர்கள் வருவார்களென்று அவருக்குத் தெரியும். அவர்களின் பிள்ளைகள் ஏன் வருகிறார்கள் என்பதுதான் விளங்கியதே இல்லை. காரின் பின் இருக்கையில் தூங்கிக்கொண்டே பாட்டுகளை மனப்பாடம் செய்த பிள்ளைகள் அவர்கள். மேடைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தை முறைத்துக்கொண்டிருக்க வேண்டிய காவலாளி முறைத்துக்கொண்டுதான் இருந்தான். உதடு மட்டும் வரிக்கு வரி அசைந்தது.

ஒவ்வொரு பாட்டாகப் போனது. புதுப் பாட்டுக்குக் கூட்டம் போய்வந்தது. பிறகு தங்கையின் விரல்கள் அந்தத் தொடக்கத்தைத் தட்டின. இறக்கிய சுருதியில்தான், வழக்கம்போல. பாடகர் கெஞ்ச ஆரம்பித்தார். நேரம் வந்தது. வாத்தியங்கள் நின்றன. மைக்கைத் திருப்பினார்.

கூட்டம் பாடியது. மேலே, ரெக்கார்டின் சுருதியில், சந்தேகமே இல்லாமல்.

எத்தனையோ மேடைகளில் இந்த இரண்டு வரியின்போது அவர் மனதுக்குள், ‘இறங்குங்கப்பா, இறங்குங்க’ என்று வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். இன்று அவசியமில்லை, காது இருக்கிறார், பையன் இருக்கிறான். கவலையில்லாமல் நின்றதால் முதல்முறையாக அவர் கூட்டத்தைக் கேட்டார். அதில் பாதிப் பேருக்குச் சுருதி சேரவில்லை. யாருக்கும் அந்த உயரம் முழுசாக எட்டவில்லை. ஒருவர்கூட அதற்காகக் கீழே இறங்கிப் பாடவில்லை. எட்டாத இடத்தைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாடகர் ஒலிப்பலகையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். *வேண்டாம்.*

காதுக்குப் புரிந்தது. துப்பாக்கி முனையில் நிற்பவர்போல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

தங்கை அண்ணனைப் பார்த்தார். டேப் இல்லை, இப்போது எங்கே சேர வேண்டும்? பாடகர் கட்டை விரலை மேல் நோக்கிக் காட்டினார். தங்கையின் கைகள் அந்தப் பழைய இடத்துக்கு நகர்ந்தன. மெத்தை, வாழ்நாளில் முதல்முறையாக, ஓங்கி அடித்தார். படி இருந்தது. வைத்த கால் அத்தனையும் ஒரே சமயத்தில் அதன்மேல் ஊன்றின. கூட்டத்துக்கு ஏன் திடீரென்று உடம்பு சிலிர்த்தது என்று கூட்டத்துக்குத் தெரியாது. பாடகருக்குத் தெரியும். மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார்.

6

அந்தத் திறந்த வாயின் முன்னால் ஒரு வாரமாக நிற்கிறேன்.

‘தே’ வந்ததா? வந்தது என்று எழுதினால் சங்கிலியே நம்ப மாட்டான். வரவில்லை என்று எழுதக் கை வரவில்லை. சாட்சி தேடினேன். காதின் ஹெட்போனில் பாடகரின் குரலை மட்டும் தனியாகக் கேட்க முடியும். ஆனால் ஹெட்போன் மேஜையில் கிடந்தது. காது தூக்கிய கைகளை இறக்காமலே பாடிக்கொண்டிருந்தார். காவலாளி கடைசியில் மேடைப் பக்கம் திரும்பியே விட்டான், அவனும் பாடிக்கொண்டிருந்தான். போனில் பிடித்த படங்கள் நிறைய உண்டு. எல்லாவற்றிலும் போனைப் பிடித்தவரின் குரல்தான் கேட்கிறது.

விளக்குகள் எரிந்து, கூட்டம் பாடிக்கொண்டே வாசலை அடைத்துக்கொண்டு நிற்கையில், மேடைக்குப் பின்னால் பாடகர் வியர்வையில் நனைந்த சூட்டோடு தங்கையிடம் போனார்.

“வந்துச்சா?”

“எனக்கெப்படித் தெரியும்? நானும்தானே கத்திட்டிருந்தேன்.”

மெத்தையிடம் கேட்டார். தனக்குக் கை வலிக்கிறது என்றார் மெத்தை.

பாடகர் சிரித்தார். அப்படி அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சிரித்து முடித்துக் கேட்டார்: “அப்ப நாளைக்கு எந்தச் சுருதி?”

“எங்கிட்ட ஏன் கேக்கிற?” என்றார் தங்கை, கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டே. “பாடப்போறவங்களக் கேளு.”

ஆகவே உங்களிடம் வந்திருக்கிறார். அடுத்த ஊர், அடுத்த அரங்கம், அதே பாட்டு. வாத்தியங்கள் நின்றுவிட்டன. மைக் உங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. மெட்டு தெரியாதென்று சொல்லித் தப்பிக்காதீர்கள். நீங்கள் எந்த உயரத்தில் எடுக்கிறீர்களோ, அந்த உயரத்துக்கு அவர் வந்தாக வேண்டும்.

எடுங்கள்.