பெயரைப் பார்த்து எழுதிய வரி

பாய்லர் அறையில் பழனியாண்டி அண்ணன் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பொத்தான் பதினோரு நாளாகச் செத்துக் கிடக்கிறது என்று சொல்லத்தான் நான் வந்திருந்தேன்.

மலேசியாவில், குருணில் இருக்கும் இந்தக் கையுறைத் தொழிற்சாலையில் கணினி நிரல் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கேள்வியும் நானே, பதிலும் நானே. சில நாள் மாலையில் பஸ்காரரிடம் "திகாம் பத்து" என்று இறங்கும் ஊரைச் சொல்லும்போதுதான் அன்றைக்கு முதல்முறையாக வாய் திறக்கிறேன் என்பது உறைக்கும். பழைய நிரலை மாற்றப்போகிறோம், ஒவ்வொரு துண்டும் என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதிக் கொடு என்றார் மேனேஜர். நானூற்றுச் சொச்சம் துண்டுகள், இரண்டு வாரம். எங்கள் தொழிலில் நிரலை முழுதாகப் படிக்கமாட்டோம். முதலில் பெயரைப் பார்ப்போம். அடுத்து, வேறு எந்தத் துண்டு அதைக் கூப்பிடுகிறது என்று பார்ப்போம். பெண் பார்க்கப் போகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது மாதிரிதான். ஒரு துண்டின் பெயர் 'மணி சோதனை'. அதை எதுவும் கூப்பிடவில்லை. 'சோதனைக்கு எழுதியது, தேவையில்லை' என்று எழுதினேன். நிரலை மாற்றப் பினாங்கிலிருந்து வந்தவர்கள் என் வரியை நம்பி வெட்டிவிட்டார்கள்.

இன்று வேறெதையோ தேடும்போதுதான் உள்ளே படித்தேன். எட்டே வரி; வேறு துண்டு கூப்பிடாமலே கடிகாரத்தை வைத்துத் தானாக ஓடுவது. பாய்லர் அறையில் தனியாக இருப்பவர் அரை மணிக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தாவிட்டால், வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் மணி அடிக்கும். பொத்தானில் விளக்கு மட்டும் இன்னும் எரிகிறது. படித்ததும் எழுந்து இங்கே வந்தேன்.

"அண்ணே, அந்த பெல் இப்ப அடிக்காது. என் தப்பு. படிக்காமயே வேணாம்னு எழுதிட்டேன். பினாங்குக்கு போன் பண்ணிட்டேன், சாயங்காலம் சரியாயிரும்."

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எத்தன நாளா மா?"

"பதினோரு நாளா."

"செவ்வாக்கெழம மயக்கம் வந்து விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல. வீட்லன்னா கேக்க ஆளில்ல, இங்க பெல் அடிக்கும் லா, வந்துருவாங்கன்னு தைரியமா படுத்துக் கெடந்தேன்."

"அப்புறம்?"

"யாரும் வரல. நம்மள யாரு தேடுவான்னு நானா எந்திரிச்சிட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. "சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கேன் அண்ணே."

அவர் சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அதற்கும் எனக்கும் நடுவே வெறும் சிமெண்டுத் தரை. அவர் எந்த இடத்தில் கிடந்தார் என்று தெரியாமல், கால் வைக்கத் தயங்கி நின்றேன்.