ஐந்தாம் பக்கம்

‘சரளமாக வாசிக்கிறாள். தனிவகுப்பு தேவையில்லை.’

ஆறு பக்கப் படிவத்தின் ஐந்தாம் பக்கத்தில் இருந்த அந்த வரியை ருதைனா மூன்றாம் முறையாகப் படித்தாள். கீழே புது ஆசிரியை ஷதாவின் கையெழுத்து. பன்னிரண்டு மணிக்குக் கல்வி அலுவலகத்துப் பியூன் வந்து படிவங்களை எடுத்துப் போய்விடுவார். இது இப்படியே போனால், வருகிற ஆண்டு முழுக்க மாணவி ஜுமானாவுக்குத் தனிவகுப்பில் இடமில்லை.

ஜோர்டானில், கரக் நகரின் அந்தப் பெண்கள் பள்ளியில், கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவள் ருதைனா. புதிய ஆசிரியைகளுக்கு வழிகாட்டுவதும் அவள் தலையில்தான். இந்த ஆண்டு ஐந்து பேர். பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது.

“அவ வாசிச்சு முடிச்சதும் வகுப்பே கைதட்டிச்சு மிஸ்,” என்றாள் ஷதா. அவள் வேலைக்கு வந்து இரண்டு மாதம். “ஒரு இடத்துலகூடத் தடுக்கல. அவங்கம்மா சந்தோஷத்துல தட்டு நிறைய பேரீச்சம்பழம் வெச்ச மஅமூல் சுட்டுக் கொண்டு வந்தாங்க. நீங்கதானே சொன்னீங்க, முந்தின நாளே பாடத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பு, தைரியம் வரும்னு?”

சொன்னது உண்மைதான். பள்ளிவாசல் வகுப்பில் குர்ஆனின் நீண்ட அத்தியாயங்களைக் காதால் கேட்டே ஒப்பிக்கிறவள் ஜுமானா என்பதும் ருதைனாவுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

ஜுமானாவை அழைத்தார்கள்.

“விரலை வெச்சுப் படி கண்ணு,” என்று அதே பாடத்தை விரித்து வைத்தாள் ருதைனா.

குரல் தங்குதடையின்றி ஓடியது. விரல் எங்கெங்கோ திரிந்து, பாடம் முடிந்தபோது படத்திலிருந்த ஆட்டின் காலில் நின்றது. ஷதா அந்த விரலையே பார்த்தாள். பிறகு நடுவில் ஒரு வரியைத் தொட்டாள். “இங்கேருந்து படிம்மா.”

பிள்ளை முதல் வரியிலிருந்து தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். “தப்பா மிஸ்?”

“இல்லடா, நல்லாவே சொன்ன. போய்த் தண்ணி குடிச்சிட்டு வா,” என்றாள் ருதைனா.

கதவு மூடியதும் ஷதா நாற்காலியில் சரிந்தாள். “அவங்கம்மா முகத்துல எப்படி முழிப்பேன்?”

“ரெண்டு பேருமாப் போவோம். பாதித் தப்பு என்னோடது. இப்ப படிவத்தைப் பாரு.”

“அடிச்சுத் திருத்தினா வாங்க மாட்டாங்களாமே?”

“புதுசா எழுதணும்.”

“ஆறு பக்கமுமா!”

“மூணு நீ, மூணு நான்.”

மணி பதினொன்றே கால். எழுதினார்கள். ஐந்தாம் பக்கத்தில் ஷதாவின் பேனா நின்றது. “இங்க என்ன எழுத?”

“கண்ணால பார்த்ததை எழுது.”

‘கேட்டதை அப்படியே நினைவில் வைக்கிறாள். எழுத்தைப் பார்த்து வாசிக்கத் தனி உதவி தேவை.’

பியூன் கதவைத் தட்டினார். “மிஸ், வண்டி நிக்குது.”

“அஞ்சு நிமிஷம் அபூ ஹாரிஸ்,” என்றாள் ருதைனா, தலை நிமிராமல்.

“போன வருஷமும் இதே அஞ்சு நிமிஷம்தான். இருந்த கறுப்பு முடியும் நரைச்சுப் போச்சு.”

முணுமுணுத்தபடி அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஷதா ஆறாம் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இதையும் நானே எழுதறேன் மிஸ். நீங்க கொஞ்சம் கண்ணை மூடுங்க.”