பாதிக் கல்லீரல்

மரச்சாமான் கடைக்காரர் தம் மருமகளிடம் நேரடியாகப் பேசியதே இல்லை. கோபமெல்லாம் ஒன்றுமில்லை, மரியாதைதான். அவர் சொல்வது முதலில் மனைவி காதில் விழவேண்டும், பிறகுதான் மருமகளுக்கு. ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டே, "உப்பு கம்மின்னு சொல்லு" என்பார். மருமகளும் காதில் விழாதவள்போல் மாமியார் சொல்லும்வரை காத்திருப்பாள். அந்த வீட்டின் கௌரவம் அப்படி.

அவருடைய கல்லீரல் கெட்டுப்போனபோது மகனின் ரத்த வகை சேரவில்லை. மனைவிக்குத் தானம் கொடுக்கும் வயது தாண்டிவிட்டது. மருமகளுக்குப் பொருந்தியது, அவளாகவே முன்வந்தாள். அவர் ஒப்பவில்லை. யாரிடமும் கை நீட்டாத குடும்பம், நம்பி வந்த பெண்ணைக் குறைப்படுத்தி உயிர்வாழ்வதா என்று முரண்டு பிடித்தார்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். பாதியை வெட்டி எடுத்தாலும், மிச்சமுள்ள செல்கள் பெருகி, கல்லீரல் சில மாதங்களில் ஏறக்குறையப் பழைய அளவுக்கு வந்துவிடும். அவருக்குள் வைக்கும் துண்டும் அப்படியே வளரும். கத்தி பட்ட வயிறு மட்டும் அப்படி ஆறாது. உடம்பு அங்கே நாரைப் போட்டு இழுத்து மூடிக்கொள்ளும், தழும்பு நிற்கும்.

"மரம் துளிர்க்கறது வேற, மேஜைக்கு ஒட்டுப் போடறது வேற. உங்களுக்குத் தெரியாததா?"

அதில்தான் மனிதர் இறங்கிவந்து, சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இருவருக்குமே கல்லீரல் நன்றாக வளர்ந்திருந்தது. டாக்டர் அறையில் சேதி கேட்டு வெளியே வந்தவர், மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து மெல்ல எழுவதைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பழக்கதோஷத்தில் மனைவி பக்கம் திரும்பினார்.

"எழுந்திருக்க வேணாம்னு சொல்லு."

"உங்க வயித்துக்குள்ளயே அவ குடிவந்தாச்சு. இன்னும் நடுவுல நான் எதுக்கு, தபால்காரியா?" என்று சொல்லிவிட்டு, அம்மாள் வண்டி பிடிக்கப் போய்விட்டாள்.

அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டு முறை செருமினார்.

"உக்காரும்மா. வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல மாமா. தழும்புதான் கொஞ்சம் இழுக்குது."

"நீ இல்லன்னா நான் இன்னைக்கு இல்லம்மா."

அவள் தலைகுனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமியார் திரும்பி வந்தபோது, வயிறு இழுக்காமல் சாய்ந்துகொள்ள ஒரு நாற்காலி செய்யவேண்டும், முதுகு எவ்வளவு உயரம் வேண்டும் என்று அவர் மருமகளிடமே விசாரித்துக்கொண்டிருந்தார்.