கோபித்துக்கொள்ள ஒரு ஜவுளிக்கடை

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சடையப்பன் ஜவுளி ஸ்டோரில் அந்த வருஷம் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் சேர்த்து விற்றது ஏழு உள்பாவாடை, இரண்டு டஜன் கர்ச்சீப், ஒரு துண்டு. துண்டையும் வாங்கியவர் ஸ்கூட்டர் துடைக்கத்தான் வாங்கினார்.

கடைக்கு ஆள் வராமல் இல்லை. வந்தார்கள். சட்டையைப் போட்டுப் பார்த்து, தன் அளவு நாற்பதா நாற்பத்திரண்டா என்று உறுதி செய்துகொண்டு, வீட்டுக்குப் போய் போனில் ஆர்டர் போட்டார்கள். வந்த சட்டை இறுக்கிப் பிடித்துத் தொலைத்தால் மறுபடி கடைக்கு வந்து சடையப்பனைத் திட்டினார்கள். அளவு பார்த்துச் சொன்னது அவர்தானே. ஒருத்தன் போனில் வாங்கிய பேன்ட்டை இவரிடமே திருப்பிக் கொடுக்க வந்துவிட்டான்.

"இத நான் விக்கலியேப்பா" என்றார் சடையப்பன்.

"கம்பெனிக்காரன் முன்னப்பின்ன தெரியாதவன், அவனே பத்து நாள் டைம் குடுக்கறான். உள்ளூர்க்காரன், நீ குடுக்கக் கூடாதா?"

அதில் ஏதோ நியாயம் இருப்பதுபோல் சடையப்பனுக்குப் பட்டது. வேறு பேன்ட் மாற்றிக் கொடுத்து அனுப்பினார்.

வாசலில் நிற்கும் பிளாஸ்டிக் பொம்மையின் மூக்கை உப்புக்காற்று என்றைக்கோ தின்றுவிட்டது. இந்த வருஷம் காதையும் தின்ன ஆரம்பித்திருந்தது. கடையில் மிச்சமிருந்த ஒரே ஆள் அந்தோணியம்மாள். இருபத்திரண்டு வருஷமாகப் புடவை விரித்துக் காட்டியவர். பழக்கம் விட்டுப்போய்விடக் கூடாதென்று தினமும் காலையில் நாற்பது புடவையை எடுத்து விசிறி, ஆளில்லாத மெத்தையைப் பார்த்து, "இது உங்க கலருக்கு எடுப்பா இருக்கும்க்கா" என்று நாற்பது தடவை சொல்லி, மறுபடி மடித்து வைத்துவிட்டுத்தான் டீ குடிப்பார்.

கட்டடத்துக்காரர் மணிவண்ணன் மாடியில் குடியிருந்தார். ஆனி பிறந்து பதினைந்து நாள் கழித்துக் கீழே இறங்கி வந்தார்.

"ஏம்பா சடையப்பா, பார்சல் கம்பெனிக்காரன் குடோனுக்கு எடம் கேக்கறான். ஊருக்கு மூட்டை மூட்டையா வந்து எறங்குதாம், வெக்க எடமில்லியாம். உம்மேல எனக்கு ஒண்ணும் கோவம் கெடையாது. முன்னல்லாம் கல்யாணக் கூட்டம் வந்தா வாசல்ல கெடக்கற செருப்பைத் தாண்டி என்னால ரோட்டுக்குப் போக முடியாது. இப்ப என் செருப்பு மட்டும்தான் கெடக்குது."

"கொஞ்சம் டைம் குடுங்கண்ணே."

"குடுக்கறேன். ஆனி முடியறதுக்குள்ள ஒரே ஒரு கல்யாண ஜவுளிக் கூட்டம் உன் கடையேறட்டும். கடை உன்னுது. இல்லன்னா ஆடி ஒண்ணாந்தேதி சாவி என்னுது."

சடையப்பன் பயப்படவில்லை. உப்பளக்காரர் பச்சமுத்துவின் மகன் பிரபாகரனுக்கு ஆனிக் கடைசியில் கல்யாணம். பெண் இரும்பையிலிருந்து. பச்சமுத்துவின் அப்பா கல்யாணத்துக்கு ஜவுளி கொடுத்தது சடையப்பனின் அப்பா. பச்சமுத்து கல்யாணத்துக்குக் கொடுத்தது சடையப்பன். மெத்தைக்குப் புது வெள்ளை விரிப்புப் போட்டு, நான்கு டஜன் சோடாவுக்குச் சொல்லி வைத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அந்தோணியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"மொதலாளி, பச்சமுத்து வீட்டுக் கல்யாணத் துணியாம். நாப்பத்தி மூணு பார்சல். மெட்ராஸ்ல வேலை பாக்கற பிள்ளையாண்டான் எல்லாத்தையும் போன்லயே வாங்கிட்டானாம். வேன்காரன் வீட்டுக்கு வழி கேக்கறான்."

"சொன்னியா?"

"கேட்டா சொல்லாம இருக்க முடியுமா?"

சடையப்பன் சோடாவை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டிகளைத் தேட ஆரம்பித்தார். நான்கு நாள் கழித்து, பாதிக் கடை பெட்டிக்குள் போய்விட்டிருந்த நேரத்தில், பச்சமுத்து வந்தார். உப்பு மூட்டைக்கு விலை பேசும்போதுகூடக் குரல் இறங்காத மனுஷன், ரகசியம் போலக் கேட்டார்.

"சடையப்பா, கடையை அரை நாள் வாடகைக்கு விடுவியா?"

"எதுக்குங்க?"

"எங்க அக்கா கோவிச்சுக்கணும்."

பச்சமுத்துவின் அக்கா ஆராயியைத் தெரியாதவர்கள் அந்தக் கரையில் கிடையாது. முப்பத்தைந்து வருஷமாக, சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்தாலும், ஆராயி கடைக்கு வந்து உட்கார்ந்து, தனக்கு எடுத்த புடவையைப் பார்த்து முகத்தைத் திருப்பி, கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவார். பின்னாலேயே நான்கு பேர் ஓட வேண்டும். நான்குக்குக் குறைந்தால் திரும்ப மாட்டார். பச்சமுத்துவின் கல்யாணத்தில் திண்டிவனம் பஸ் ஏறித் திண்டிவனமே போய்விட்டார். நான்கு பேரும் அடுத்த பஸ்ஸில் போய் அழைத்து வந்தார்கள். இன்னொரு கல்யாணத்தில் உப்புப் பாத்தியில் காலை வைத்து உட்கார்ந்துகொண்டார். சமாதானம் பேசி எழுப்புவதற்குள் இரண்டு கணுக்காலிலும் கொலுசு கனத்துக்கு உப்பு பூத்துவிட்டது. அந்த உப்பு நல்ல விலைக்குப் போனதாகவும் சொல்வார்கள்.

"வீட்லியே கோவிச்சுக்கக் கூடாதா?" என்றார் சடையப்பன்.

"நானும் அதத்தான் சொன்னேன். வீட்ல கோவிச்சுக்கிட்டா அது சண்டை, கடையில கோவிச்சுக்கிட்டாத்தான் மொறைன்னுட்டா. பையன் வாட்ஸ்அப்ல குரூப் போட்டு எல்லாருக்கும் பொடவை படம் அனுப்பினான். அக்கா கோவத்துல குரூப்பை விட்டு வெளிய போனா. எவனும் பின்னாடி போகல. 'ஆராயி லெஃப்ட்'னு ஒரு வரி வந்துது. அதுக்குக் கீழ எவனோ குட்மார்னிங்னு ரோஜாப்பூ போட்டுட்டான்."

"அடப்பாவமே."

"இப்ப கல்யாணத்துக்கே வரமாட்டேங்கறா. பையனுக்குக் கூடப் பொறந்த பொண்ணு கெடையாது. நாத்தனார் முடிச்சை அத்தைக்காரி அவதான் போடணும். அவ வரலன்னா தாலி ஒரு முடிச்சோட நிக்கும்."

சடையப்பன் பெட்டிகளைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார். கூட்டம் கடையேறினால் போதும், ஒரு முகூர்த்தப் புடவையாவது தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டார். மணிவண்ணனுக்கு அப்புறம் பேச வாய் இருக்காது.

"வாடகையெல்லாம் எதுக்குங்க. நம்ம வீட்டுக் கல்யாணம்."

மறுபடி சோடாவுக்குச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பத்து மூன்று பார்சலும் முன்னால் வந்தன. அந்தோணியம்மாள் எல்லாவற்றையும் பிரித்து, கடை அலமாரியில் கடைப் புடவை மாதிரியே அடுக்கி வைத்தார். பத்து மணிக்கு இரண்டு வேனில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வாசலில் செருப்பு மலையாகக் குவிந்தது. எல்லாரும் மெத்தையில் உட்கார்ந்ததும், ஆறு வருஷமாகக் கூட்டம் பார்க்காத கையால் அந்தோணியம்மாள் முதல் புடவையை விசிறிய வேகத்தில் மூன்றாவது வரிசையில் இருந்த ஒருவரின் கண்ணாடி பறந்து போனது.

"இது என்ன கலரு? ஊசிப்போன சாம்பார் மாதிரி" என்றார் ஆராயி. கூட்டத்துக்கு உயிர் வந்தது. அடுத்த ஒரு மணி நேரம், பிரபாகரன் போனில் தேர்ந்தெடுத்த புடவைகளை அவன் கண்ணெதிரிலேயே இரண்டு வீட்டாரும் வாயாலேயே கிழிகிழியென்று கிழித்தார்கள்.

சமயம் பார்த்து சடையப்பன் கண்ணாடி பீரோவைத் திறந்து, ஒரு அரக்குப் பட்டை எடுத்து, கல்யாணப் பெண் சந்தியாவின் மடியில் வைத்தார். சந்தியா அதைத் தடவினாள். தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள்.

"எனக்கு இதுதான் வேணும்."

சடையப்பன் பில் புத்தகத்தை எடுத்தார். பிரபாகரன் புடவையைப் போட்டோ எடுத்தான்.

"ஒரு நிமிஷம்ண்ணா... இதோ, இதேதான். போன்ல இருநூறு ரூபா கம்மி."

"நான் முந்நூறு கம்மி பண்ணிக்கறேன் தம்பி."

"அதுக்கில்லண்ணா. இதுல ரிட்டர்ன் இருக்குது."

"கட்டின கல்யாணப் பொடவையை ரிட்டர்ன் பண்ணுவியா?"

"பண்ண மாட்டேன். ஆனா ஆப்ஷன்னு ஒண்ணு இருக்கணும்ல?"

"எனக்கும் அந்த ஆப்ஷன் இருக்குதா?" என்றாள் சந்தியா, புடவையைத் தோளிலிருந்து எடுக்காமல். பிரபாகரனுக்கு அது காதில் விழவில்லை. கடைக்குள் சிக்னல் இல்லை, ஓடிபி வரவில்லை. போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான். அவன் அப்பாவும் போனார். மாமன்கள் தங்கள் போனில் சிக்னல் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆராயி, தனக்கு எடுத்த புடவையும் பெண்ணின் சித்திக்கு எடுத்த புடவையும் ஒரே புடவை என்பதைக் கண்டுபிடித்தார்.

"டேய் பிரபாகரா! எனக்கும் அவங்க சித்திக்கும் ஒண்ணேவாடா?"

"காம்போ ஆஃபர் அத்தை" என்றான் ஜன்னலிலிருந்து.

"காம்போவா? உங்கப்பனும் நானும்தான்டா காம்போ, ஒரே வயித்துல பொறந்தோம்!"

எழுந்தார். முந்தானையை உதறினார். படியிறங்கிப் போயே விட்டார். கடையிலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஓடிபிக்காகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆராயி பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவது சடையப்பனுக்குத் தெரிந்தது. ஆராயி போனால் முடிச்சு இல்லை, முடிச்சு இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. கல்யாணமே இல்லாத கூட்டத்தை மணிவண்ணன் கல்யாணக் கூட்டமென்று ஒத்துக்கொள்ள மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மொதலாளி ஓடுகிறாரே என்று அந்தோணியம்மாளும் ஓடினார். குடோனுக்கு அளவெடுக்க வந்த பார்சல் கம்பெனிக்காரரோடு மணிவண்ணன் அப்போதுதான் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தார். கடை தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து அவர்களும் பின்னால் ஓடினார்கள்.

உப்பளத்து வரப்பில் ஆராயி திரும்பிப் பார்த்து எண்ணினார். நான்கு பேர் இருந்தார்கள்.

"அது யாரு, கையில டேப்போட?"

"உங்களுக்காகத்தான்க்கா ஓடி வர்றாரு" என்றார் சடையப்பன் மூச்சு வாங்க.

"சரி, கெஞ்சு."

"நீங்க இல்லாம கல்யாணமாக்கா? முடிச்சு யாரு போடறது?"

"இது எல்லாரும் சொல்றது. வேற சொல்லு."

"குடும்பத்துக்கே பெரியவங்க நீங்க."

"அதுவும் கேட்டாச்சு." ஒரு காலைப் பாத்தித் தண்ணீரில் வைத்துவிட்டார்.

சடையப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கை அப்படியே இருக்க, "கடை போயிடும்க்கா" என்றார். "முப்பது வருஷமா வேற ஒண்ணும் செஞ்சதில்ல. பொடவை காட்டத்தான் தெரியும். நீங்க வந்து உக்காருங்க, ஒண்ணுகூட வாங்க வேணாம், வந்து உக்காந்தா போதும்." சொல்லிக்கொண்டே அழுதும் விட்டார்.

ஆராயி காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்.

"இது நல்லா இருக்குது. இதுவரைக்கும் ஒருத்தனும் எங்கிட்ட இப்படிக் கெஞ்சினதில்ல" என்றார் திருப்தியாக. கடைக்குத் திரும்பி வந்து, அதே காம்போ புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மெத்தென்று இருக்கிறதாம். ஓடிபியும் வந்துவிட்டிருந்தது. அரக்குப் பட்டு பீரோவுக்குத் திரும்பியது.

மணிவண்ணன் வாசலில் தன் செருப்பை அரை மணி நேரம் தேடினார். கடைசிவரை கிடைக்கவில்லை. "கடை உன்னுதுப்பா" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு மாடியேறினார். பார்சல் கம்பெனிக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு சடையப்பனிடம் தனியாக வந்தார்.

"ஆவணியில என் தங்கச்சிக்குக் கல்யாணங்க. எங்க பெரியப்பா இந்த மாதிரிதான். அரை நாளுக்கு எவ்வளவு வாங்கறீங்க?"

ஆவணிக்குப் பதினொரு கல்யாணம் புக் ஆனது. பொம்மையார்பாளையத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். பார்சலைக் கொண்டுவந்து அடுக்கி, உட்கார்ந்து, குறை சொல்லி, கோபித்துக்கொண்டு, சமாதானமாகி, சோடா குடித்துவிட்டுப் போனார்கள். பின்னால் ஓட சொந்தத்தில் ஆள் இல்லாதவர்களுக்குக் கடையே நான்கு பேர் கொடுத்தது. மணிவண்ணன் அதில் ஒருவர். வந்த புடவையையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் சீக்கிரம் அலுத்துவிடும் என்பதால், நடுநடுவே வேண்டாமென்று சொல்வதற்கு சடையப்பன் கடைப் புடவையும் காட்டினார். அதில் ஒரு கிளிப்பச்சைப் புடவை நல்ல ராசி. எடுத்து விசிறியதுமே இரண்டு வீட்டாரும் ஒரே குரலில் வேண்டாமென்பார்கள். அதோடு இறுக்கம் தளர்ந்துவிடும்.

ஆவணி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, இடையஞ்சாவடியில் டீச்சராக இருக்கும் சங்கீதா தனியாகக் கடையேறினாள். எதையும் போட்டோ எடுக்கவில்லை. கிளிப்பச்சையைத் தொட்டுப் பார்த்து, "இத பில் போடுங்க" என்றாள்.

சடையப்பனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"இது விக்கறதுக்கில்லியேம்மா."

"ஏங்க?"

"வெள்ளிக்கெழம ஒரு பார்ட்டி இருக்குது. இத நீ எடுத்துட்டா அவங்க எத வேணாம்னு சொல்லுவாங்க? போன்ல பாரும்மா, இதே இருக்கும்."

"போன்ல வாங்க நான் எதுக்குங்க பஸ்ஸேறி வர்றேன்? கடைன்னு போர்டு எதுக்கு வெச்சிருக்கீங்க?" சங்கீதா புடவையை மெத்தையில் போட்டுவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள்.

"ஓடுங்க மொதலாளி" என்றார் அந்தோணியம்மாள்.

"புக் பண்ணாம கோவிச்சுக்கிட்டா எப்படி ஓடறது?"

அந்தோணியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கிளிப்பச்சையைக் கையில் சுருட்டிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினார். திரும்பி வந்தபோது கையில் பணம் இருந்தது, புடவை இல்லை. பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

அலமாரியில் பச்சை இருந்த இடம் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. சடையப்பன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை எடுத்து, அதே கிளிப்பச்சையைத் தேடிப் பிடித்து ஆர்டர் போட்டார். வியாழக்கிழமையே வந்துவிடும் என்று காட்டியது.