ரெட்டை முடிச்சு

...என் முடிச்சேதான், காய் கட்டுகிற வாழைநாரில் வேறு யார் ரெட்டை முடிச்சு போடுவார்கள், மருமகள் இலக்கியா அதை அறுத்து அடுப்பு மேடையில் போட்டிருக்கிறாள், நான் கத்தரிக்காய்க் குழம்புச் சோற்றோடு உட்கார்ந்திருக்கிறேன், பயம் வரவேண்டும் இல்லையா, வரவில்லை, கை கால் எல்லாம் வேறு யாருடையதோ போல இருக்கிறது. "கள்ளக்குறிச்சியிலயே அந்த இயற்கைக் கடையில மட்டும்தான் அத்த வாங்கறேன், வெல ஜாஸ்திதான், ஆனா மருந்தே அடிக்காத காயி" என்கிறாள், ஏழு மாத வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு. அந்தக் கடைக்கு வெள்ளிக்கிழமை காய் போட்டது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. கிணற்றோரம் நாலு வரிசை எங்கள் வீட்டுக்கு, அதில் மருந்து படாது, மீதியெல்லாம் மார்க்கெட்டுக்கு, எங்கள் பக்கம் பல வீட்டில் இப்படித்தான், யாரும் வெளியே சொல்வதில்லை. முதலில் வீட்டு வரிசைக் காயைத்தான் கொண்டுபோனேன், கடைக்காரர் ஓட்டையைப் பார்த்து, "புழு விழுந்தத யாரும் தொடமாட்டாங்கம்மா" என்று திருப்பிவிட்டார். என் வீட்டுக்காரர் சிரித்தார், "மருந்தும் கூடாதாம், புழுவும் கூடாதாம், மார்க்கெட் காயையே நாருல கட்டிக் குடு, இன்னா தெரியப்போவுது?" வியாழக்கிழமை மருந்து அடித்தது, மறுநாளே பறித்தேன், கை பிசுபிசுத்தது, கழுவினேனா?

இவளுக்கென்று இன்று வீட்டு வரிசையில் பறித்து பஸ்ஸில் சுமந்து வந்த பை மூலையில் கிடக்கிறது. பிரித்துப் பார்த்தவள், "கோச்சிக்காதீங்க அத்த, எல்லாம் சொத்தையா இருக்குது, டாக்டரு நல்ல காயா பாத்து சாப்புடச் சொன்னாங்க" என்று ஒதுக்கிவிட்டாள். பளபளவென்று இருப்பதுதான் நல்ல காய் என்று இவளுக்கு யார் சொன்னது... சொல்லிவிட்டால் மகன் முகத்தில் எப்படி விழிப்பேன், சொல்லாவிட்டால் வயிற்றில் இருக்கிற அந்தப் பிள்ளை? மென்று பார்க்கிறேன், ருசியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, வெட்கங்கெட்ட நாக்கு, நன்றாகத்தான் இருக்கிறது என்கிறது. குண்டானில் எவ்வளவு மிச்சம்? இன்னும் ஊற்றும்மா என்றேன், ஊற்றினாள், இன்னும் என்றேன். "அத்தைக்கு என் கொழம்பு இவ்ளோ புடிச்சிருக்குதே!" என்று சந்தோஷமாக வழித்து ஊற்றிவிட்டு, தனக்கு ரசம் போதும் என்றாள், இந்த ஒரு வேளைக்குத் தப்பினாள். "நேத்துகூட இதான் அத்த செஞ்சேன்" என்றபடி பிரிட்ஜைத் திறந்தாள், உள்ளே இன்னும் மூன்று கட்டு, முடிச்சு அவிழாமல். "புடிச்சிருக்குதுன்னா நாளைக்கும் இதையே செய்யறேன்." சொல்லத்தான் வாயெடுத்தேன், வாய் நிறையச் சோறு.