பொதுப் பிரிண்டரில் ஒரு வினாத்தாள்

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்க வேண்டாம். பென் டிரைவை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்கு நடக்க எனக்கு அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

முதல் வரியாக என்னென்னவோ எழுதிப் பார்த்தேன்.

"அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள், ஒரே ஒரு பிரிண்டர். ஆகவே"

(இப்படித் தொடங்கினால் அடுத்த பக்கத்தில் குடுமிப்பிடிச் சண்டை வரும் என்று சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். வராது. எனக்கும் என் ஓரகத்திக்கும் நன்றாகவே ஒத்துப்போகும்.)

"கணக்கு டீச்சரின் முகம் வெளுத்தது. மேஜைமேல் கிடந்த அந்த"

(நடுவிலிருந்து தொடங்குவது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் யார் டீச்சர், எதற்காக வெளுத்தார் என்று பிறகு மூச்சு வாங்க விளக்க வேண்டியிருக்கும்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

என் கணவருடைய அண்ணனின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் மகள் அந்தப் பள்ளியில்தான், அக்காவின் வகுப்பில்தான் படிக்கிறாள். பென்சிலைக் கொறித்துக் கொறித்தே யோசிப்பதால் வீட்டில் அவளுக்கு அணில் என்று பெயர். அக்காவின் கணவர் வேலை வேலையென்று வெளியூரிலேயே இருப்பவர். கதைக்குள்ளும் வர மாட்டார்.

பிரிண்டர் கூடத்து மூலையில் இருக்கிறது. அதன் ஒயர் கதவிடுக்கு வழியாகப் போய் அக்காவின் கம்ப்யூட்டரில் முடிகிறது. நான் எழுதியதை அச்சில் பார்க்க வேண்டுமென்றால் பென் டிரைவோடு அக்காவின் அறை வாசலில் போய்த் தலையைச் சொறிய வேண்டும். என் நச்சரிப்பு தாங்காமல் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே உட்கார்ந்து எதையெதையோ தட்டினார். எழுந்தபோது வெற்றிக்களை முகத்தில் தெரிந்தது.

"இனிமே உன் இடத்துலேருந்தே அனுப்பலாம். ஆனா ஒண்ணு, அண்ணி கம்ப்யூட்டர் முழிச்சிட்டு இருக்கணும்."

"தூங்கிட்டா?"

"நீ அனுப்பினது வரிசைல நிக்கும். அது எந்திரிச்சதும் வெளிய வரும்."

"அதுவரைக்கும் என் பக்கமெல்லாம் எங்க இருக்கும்?"

"உன் கம்ப்யூட்டர்லயேதான். அதையும் அணைச்சுத் தொலைக்காத."

(* இதை ஒரு அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்து, கையை விட்டும் போய், இன்னும் தாளாக ஆகாத பக்கங்கள். அவை அப்போது கதையா, இல்லையா? இதைக் கணவரிடம் கேட்டேன். "டீ இருக்கா?" என்றார்.)

3

நடந்தது இதுதான். ஒரு மத்தியானம் வேறொரு கதையின் வரைவை அச்சுக்கு அனுப்பினேன். அக்கா பள்ளியில் இருந்தார். அவர் கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருந்தது. என் பக்கங்கள் வரிசையில் நின்றன. சாயங்காலம் அக்கா வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி, அடுத்த வாரத் தேர்வுக்கான வினாத்தாளை அச்சுக்குக் கொடுத்தார். உடனே தலைமையாசிரியை போனில் கூப்பிட, பேசிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டார்.

பிரிண்டர் கடகடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. அடடா, நம் கதை பிறந்துவிட்டது என்று ஓடினேன். தட்டில் கவிழ்ந்து கிடந்த தாள்களைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மொத்தமாக அள்ளினேன். சாப்பாட்டு மேஜையில் அணில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அவள் எதிரில் போட்டேன். அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது. சமையலறைக்குப் பாய்ந்தேன்.

அடுப்பைத் துடைத்துவிட்டு வந்தால், அக்கா கூடத்தில் நிற்கிறார்.

"என் தாளை எடுத்தியா?"

"எந்தத் தாள், அக்கா?"

நேரே மேஜைக்கு வந்து அந்தக் கட்டைப் புரட்டினார். என் கதை முடிந்த இடத்தில் அவருடைய வினாத்தாள் இருந்தது. அணில் வாயில் பென்சிலோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்தக் கேள்வியை அக்கா கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"பாத்தியாடி?"

"பாக்கலம்மா."

அணில் கணக்கில் சுமார். சுமார் என்பது பெற்ற வாய் சொல்வது. விடைத்தாள்கள் இன்னும் வெளிப்படையாகப் பேசும். போன தேர்வுக்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடாமல் திரிந்தது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

4

இங்கேதான் எழுதுகிறவளின் புத்தி வேலையைக் காட்டியது. வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கதையில் அதை முடிவு செய்வது நான்தானே?

முதல் முடிவு: பார்த்துவிட்டாள். மார்க்கை அள்ளுகிறாள், எல்லோரும் மெச்சுகிறார்கள், பாராட்டைத் தாங்க முடியாமல் ஒருநாள் அழுதுகொண்டே உண்மையைச் சொல்கிறாள். (இப்படி முடிகிற கதைகளைப் படித்து நானும் அழுதிருக்கிறேன். ஒன்றைக்கூட நம்பியதில்லை.)

இன்னொரு முடிவு: பார்த்துவிட்டாள். சந்தேகம் வரக் கூடாதென்று தெரிந்த கணக்குகளையும் வேண்டுமென்றே தப்பாகப் போடுகிறாள். (இதை எழுதியதும் கொஞ்ச நேரம் என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு, என் பெண்ணுக்கு இவ்வளவு வில்லத்தனத்தை எங்கிருந்து கொண்டுவந்தேன் என்று திக்கென்றது.)

மற்றொன்று: பார்க்கவில்லை. தேர்வில் கோட்டை விடுகிறாள். அந்தக் குறைந்த மார்க்கே அவள் சொன்னது நிஜம் என்று காட்டிவிடுகிறது. அம்மா அவளைக் கட்டிக்கொண்டு

(இல்லை. இதில் எதுவோ உறுத்துகிறது. பிறகு பார்க்கலாம்.)

5

அன்றைக்கே அக்கா புது வினாத்தாள் தயாரிக்க உட்கார்ந்துவிட்டார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவர் அறைக்குப் போனேன், பென் டிரைவ் இல்லாமல்.

"அவதான் பாக்கலன்னு சொல்றாளேக்கா. அப்புறம் எதுக்கு மாத்தறீங்க? நம்பலையா?"

"நம்பறேன். அதனாலதான் மாத்தறேன்."

"புரியல."

நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "இதே தாளை வெச்சேன்னு வையி. அவ நல்லா எழுதினா எனக்கு ஒரு நிமிஷமாவது சந்தேகம் வரும். சரியா எழுதலன்னா, அப்பாடா, பாக்கலன்னு நிம்மதியா இருக்கும். ஒரு பிள்ளை மார்க் வாங்கலன்னு டீச்சர் நிம்மதி ஆகலாமா? மத்த பிள்ளைங்களுக்கும் நான் பதில் சொல்லணும்ல? தலைமையாசிரியை கிட்டயும் சொல்லிட்டேன்."

"அணில் என்ன நினைப்பா?"

"அவகிட்டதான் முதல்ல சொன்னேன். 'உன்னை நம்பறது வேற, தாளை மாத்தறது வேற. ரெண்டையும் செய்யறேன்'னு. சரி பெரியம்மான்னுட்டா."

"அப்ப அவ பாத்தாளா இல்லையான்னு யாருக்குமே தெரியாமப் போயிடுமே."

"தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போற?"

கதை எழுதப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

6

ஆனால் எழுதினேன். நீங்கள் இதுவரை படித்ததை அச்சுக்கு அனுப்பிவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது தாள்கள் அணிலின் மடியில் இருந்தன. இந்த முறை அவள் பார்த்தாள். அதை மறைக்கவும் இல்லை.

"அம்மா, இதுல நான்தானே வர்றேன்?"

"கதைடி அது."

"பாக்கலன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"எல்லா முடிவுலயும் எனக்கு மார்க் போட்டுத்தான் பாத்திருக்க. நான் சொன்னதை மட்டும் வெச்சு ஒண்ணுகூட எழுதலையே. ஏம்மா?"

அந்த உறுத்தல் எது என்று புரிந்துவிட்டது. பெற்ற பெண் நேருக்கு நேர் சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் ஊரைக் கூட்டிச் சாட்சி தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளை உத்தமி என்று காட்டவும் அவளைத் தோற்கடிக்கத்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் தாள்களைத் தட்டிச் சீராக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

7

தேர்வு முடிந்தது. என்ன மார்க் என்று கேட்காதீர்கள். அது வேறு தாள். அதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை.

இங்கே முடித்திருந்தால் நல்ல பெயரோடு போயிருப்பேன். நேற்று அணில் பெரியம்மாவின் அறைக்குப் போய், "அந்தப் பழைய தாளைக் குடுங்க, போட்டுப் பாக்கறேன்" என்று கேட்டாளாம். அக்கா எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மத்தியான வெளிச்சத்தில், அதே மேஜையில், அதே தாளோடு அவள் உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். முதல் கணக்கைப் புதிதாகப் பார்க்கிறவள் என்றால் பென்சில் வாய்க்குப் போகும். முன்னமே பார்த்தவள் என்றால் நேரே தாளுக்குப் போகும். எத்தனை வருஷமாக அந்தப் பென்சிலைப் பார்க்கிறேன். ஒரு பார்வை போதும், எனக்குத் தெரிந்துவிடும். உங்களுக்கும் சொல்லிவிடலாம், கதைக்கும் ஒரு முடிவு கிடைத்துவிடும்.

அவள் தாளைத் திருப்பினாள். நான் மடித்ததையும் மடிக்காததையும் சேர்த்து அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பென்சில் எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை. கதவிடுக்கு வழியாகவும் பார்க்கவில்லை. இவ்வளவு தூரம் மூக்கை நுழைத்தவள் அந்த ஒரு நொடி பார்க்காமல் இருந்திருப்பாளா என்று உங்களுக்குத் தோன்றும். காட்டுவதற்கு என்னிடம் சாட்சி எதுவும் இல்லை. பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இனி உங்கள் பாடு.