புரூனோவின் வழக்கு

சிவகௌரிக்கு ஜேர்மன் எழுத வராது என்றில்லை. முதியோர் இல்லச் சமையலறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறாள். ஆனால் டோர்ட்முண்டில் எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம். கந்தோர், அலுவலகம் என்று போகும் எந்தக் காகிதமும் இராசலிங்கத்தாரின் கைபடாமல் போகாது. பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்களில் பாதிப்பேருக்கு அகதி வழக்கு எழுதிக் கொடுத்த கை அது. இப்போது எழுத வழக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் வேறு ஊரில். மனிதர் தனியே இருந்து பேனையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் கொண்டுபோனது சின்ன அலுவல். கணவன் இறந்து ஒரு வருடமாகியும் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒரு நாய் வளர்த்தால் நல்லது என்று டொக்டர் கடிதமே எழுதித் தந்தார். ருமேனியாவில் தெருவில் திரிந்து, இங்குள்ள நாய்க் காப்பகத்துக்கு வந்த புரூனோ அவளிடம் வந்து ஐந்து வாரம். இப்போது அவளுக்கு வீடு வாடகைக்குத் தந்திருக்கும் வீட்டு நிறுவனம் சொல்கிறது: காரணம் காட்டி அனுமதி கேளுங்கள், இல்லையேல் மாத முடிவுக்குள் நாயை அனுப்பிவிடுங்கள்.

இராசலிங்கத்தார் மூன்று பக்கம் எழுதினார். புரூனோ பிறந்த இடம், கூடப்பிறந்த நால்வருக்கு நேர்ந்த கதி, லொறியில் ஹங்கேரி வழியாக வந்த பாதை, திருப்பி அனுப்பினால் உயிராபத்து. எல்லாம் திகதியோடு இருந்தது. திகதிகளை அவருக்கு யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை.

"அண்ணை, டொக்டரின்ரை கடிதத்தைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையே?"

"மனவருத்தம் எண்டு கந்தோருக்கு எழுதிக் குடுக்கக் கூடாது பிள்ளை. பிறகு அது ஃபைலிலை கிடக்கும். நாங்கள் நாயின்ரை பக்கத்தாலை கொண்டுபோவம்."

பத்தாம் நாள் பதில் வந்தது. நாயின் கடந்த காலத்துக்காக வருந்துகிறோம். ஆனால் அது உங்களுக்கு ஏன் தேவை என்பது விளங்கவில்லை. நேரில் வரவும்.

குறித்துத் தந்த டெர்மினுக்கு இருவரும் வீட்டு நிறுவனத்துக்குப் போனார்கள். இராசலிங்கத்தார் கோட் போட்டிருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி அவர் சொன்னதை ஹங்கேரி எல்லை வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு சிவகௌரியைப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்ன செய்கிறது?"

டொக்டரின் கடிதம் அவளுடைய கைப்பைக்குள்தான் இருந்தது. பையைத் திறந்தாள்.

"அதை எடுக்காதை பிள்ளை," என்றார் இராசலிங்கத்தார், தமிழில், மெதுவாக.

எடுத்து மேசையில் வைத்தாள். அவளுடைய சமையலறை ஜேர்மனில் சொன்னாள்: "என் கணவர் இறந்துவிட்டார். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. இப்போது ஒன்று எழும்பி வருகிறது."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. சொன்னபின் ஏதோ இறங்கியது போல இருந்தது. திரும்பி வரும் ட்ராமில் இராசலிங்கத்தார் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வழக்கு கெட்டுப்போனது என்று கோபம் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

அனுமதிக் கடிதம் வந்த அன்று அவரைத் தேநீருக்குக் கூப்பிட்டாள். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாயின்ரை ஆயுள் முழுக்க எண்டு போட்டிருக்கு."

"ஓம் அண்ணை."

"எனக்கு முதல் தந்த விசா மூண்டு மாசம். பிறகு இன்னொரு மூண்டு மாசம். அப்பிடியே பதினொரு வருசம்."

புரூனோ எழும்பி வந்து அவருடைய காலில் தலையை வைத்துப் படுத்தது. அவர் காலை எடுக்கவில்லை. தேநீர் ஆடை கட்டும்வரை அப்படியே இருந்தார்.

"பிள்ளை," என்றார் கடைசியில், நாயைப் பார்த்தபடி. "உம்மடை அந்த டொக்டர் புது ஆக்களையும் பாக்கிறவரோ?"